அவளே யோசிச்சுச் சொன்னது

“இது நீயே நல்லா யோசிச்சு எடுத்த முடிவாம்மா?”

தலைமையாசிரியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் அப்பா, அக்கா, நான். வெளியாள் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. சொல் தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். அது வெளியே வருவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“அவளே யோசிச்சுச் சொன்னதுதான் டீச்சர். எங்க கட்டாயம் எதுவும் இல்ல.”

அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தலைமையாசிரியை நான் நிமிர்வேனா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மேசைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு என்னைப் பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போயிருந்தது. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா கல்லூரியில் கடைசி வருடம். பஞ்சர் கடையை யாராவது பார்த்தாக வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் நான்தான். இதை என்னிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னதாக ஊருக்குச் சொன்னார்கள்.

வீட்டில் என் பெயர் பூச்சி. வாயில்லாப் பூச்சியின் சுருக்கம்.

கடை கீழே, வீடு மாடியில். காலையில் இறங்கினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் ஏறுவேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுத்தார். லீவரால் டயரை நெம்பி டியூபை உருவ வேண்டும். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க வேண்டும். குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போட வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் “ஆம்பளை யாரும் இல்லையாம்மா?” என்று கேட்பார்கள். அப்பா ஸ்டூலில் இருந்தபடி, “அவளுக்குப் படிப்பு ஏறல, கடைக்கு வர்றேன்னு அவளே ஒத்தக்கால்ல நின்னா” என்பார். சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பத் தொடங்கியிருந்தார். நான் டியூபை இன்னும் ஆழமாக அமுக்குவேன்.

நாலைந்து வருடம் இப்படியே ஓடியது. அக்காவுக்கு இப்போது காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, கையில் குழந்தை. பிரசவ விடுப்பு முடியப் போகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

“பூச்சி, பக்கத்துக் கடை மெக்கானிக் நம்ம கடையையும் சேர்த்து எடுத்துக்கறேங்கறாரு. அப்பா சரின்னுட்டாரு. நீ எங்க வீட்டுக்கு வந்துடு. குழந்தையப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு. இந்தக் கரியும் அழுக்கும் உனக்கு எதுக்கு?”

எல்லாம் முடிந்திருந்தது. நான் பெட்டியைக் கட்டுவதுதான் பாக்கி.

“நான் வரல,” என்றேன். “கடையை நானே நடத்திக்கறேன்.”

அப்பா சிரித்துவிட்டார். “பாருடா, பூச்சிக்கு வாய் முளைச்சிருக்கு!”

அக்கா சிரிக்கவில்லை. “நல்லா யோசிச்சியா?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் நினைத்ததற்கு நான் பேசாமல் இருந்தால் அது நான் யோசித்து எடுத்த முடிவு. நான் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னால் மட்டும் யோசித்தாயா?

“அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்,” என்றாள். “உக்காந்து யோசி. வீம்புக்குச் சொல்லாதே.”

யோசித்தேன். என் முடிவில் ஓர் ஓட்டைகூட இல்லை என்று அவள் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்பதற்காகவே யோசித்தேன். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். டியூபைப் போல அதைச் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பார்த்தேன். லாரிச் சக்கரம் வந்தால் யார் தூக்குவது? ஜாக்கி இருக்கிறது, நெம்புகோல் இருக்கிறது. குடித்துவிட்டு வம்புக்கு வருகிறவன்? லீவர் என் கையில்தான் இருக்கும். டியூபே இல்லாத டயர்தான் இனி எல்லா வண்டியிலும் என்கிறார்களே? அதற்கு ஒட்டுப் போடவும் கற்றுக்கொண்டாயிற்று. கரி படிந்த கையை யார் கல்யாணம் செய்துகொள்வார்கள்? செய்யாவிட்டால் போகிறார்கள். எங்கே அமுக்கினாலும் ஒரு குமிழிகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள், வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் தன் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலையில்தான் அதற்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

“ஏம்மா, ஒட்டுப் போட்டியா, ஒப்புக்குப் போட்டியா? தெருமுனை தாண்டல, உக்காந்துடுச்சு.”

டியூபை எடுத்துப் பார்த்தேன். என் ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு ஒட்டினாற்போலப் புதிதாக ஓர் ஓட்டை. சக்கரத்தை மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க மறந்திருந்தேன். முதல் நாள் வேலைக்கு வந்தவர்கள் செய்கிற தப்பு. ஸ்டூலில் இருந்து அப்பா கத்தினார். “டியூபு அழும், குத்தினது டயருக்குள்ள உக்காந்து சிரிக்கும்னு எத்தனை தடவை சொல்றது!”

உள்ளே விரலை விட்டுத் தடவினேன். சிறிய கம்பித் துண்டு ஒன்று விரலைக் கிழித்தது. குறடால் அதைப் பிடுங்கிப் போட்டேன்.

வண்டி போன பிறகும் விரல் எரிந்துகொண்டிருந்தது. முடிவைச் சுற்றிலும் அமுக்கிப் பார்த்தேனே, அது எங்கிருந்து வந்தது என்று தடவிப் பார்த்தேனா? அக்கா என்னைக் குழந்தை பார்க்கக் கூப்பிடாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடை வேண்டுமா?

வேண்டாம். ஒரு நாளும் வேண்டியிருந்ததில்லை. சோற்றில் கை வைத்தால் ரப்பர் வாடை. சீருடை போட்ட பிள்ளைகள் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தால், அவர்கள் முதுகில் தொங்கும் பையைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொள்வேன். அப்படிப்பட்ட கடையை, அக்கா விடச் சொன்னாள் என்பதற்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போ என்றால் வருவேன், வா என்றால் போவேன். இதில் நான் எங்கே இருக்கிறேன்?

வீம்பு என்றாளே, அது சரியாகத்தான் இருந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேச வேண்டிய இடங்களுக்குப் போனேன். பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிற இடம் ஒன்று கடைத்தெருவில் இருக்கிறது. முதல் நாள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். மறுநாள் உள்ளே போனேன். வெறும் காற்றுதான் வருகிறதோ என்று பயந்தேன், குரலும் வந்தது. சாயங்காலம் வகுப்பு, சேரலாம் என்றார்கள். பிறகு மெக்கானிக்கிடம் போனேன்.

“கடையை எடுத்தீங்கன்னா டயர் வேலைக்கு ஆள் வேணுமாண்ணே? மதியம் வரைக்கும்தான் வருவேன்.”

“அட, பூச்சி பேசுதே!” என்று கையைத் துடைத்துக்கொண்டார். “வேணும்மா. எனக்கு எஞ்சின்தான் தெரியும். பஞ்சர் ஒட்டச் சொன்னா என் விரலைத்தான் ஒட்டிக்குவேன்.”

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு, “என்ன, யோசிச்சியா?” என்றாள்.

“யோசிச்சேன். கடை வேணாம்.”

“அப்பாடா!”

“உன் வீடும் வேணாம். நான் பரீட்சை எழுதப் போறேன். காலையில மெக்கானிக் அண்ணன்கிட்ட வேலை, சாயங்காலம் வகுப்பு. ரெண்டு இடத்துலயும் கேட்டாச்சு.”

“இப்பப் போயா?” அக்காவின் குரல் ஏறியது. “வேணாம்னு படிப்பை விட்டவ நீ. அன்னிக்கு நீயே எடுத்த முடிவுதானே அது?”

“அக்கா, அந்த ரூம்ல நீயும்தானே இருந்தே? நான் வாயைத் திறந்ததைப் பாத்தியா?”

“நீ வேணாம்னும் சொல்லலையே பூச்சி,” என்றார் அப்பா. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்போம்.”

“நான் சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுதானே கூட்டிட்டுப் போனீங்க!”

நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டதில்லை. குழந்தை வீரிட்டு அழுதது. நான் நிறுத்தவில்லை.

“டீச்சர் என்னைத்தான் கேட்டாங்க. உங்களக் கேக்கல. எனக்கு வாய் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா உங்களால? அவங்க பொறுத்தாங்களே! பெத்த அப்பா, கூடப் பொறந்த அக்கா, ரெண்டு பேருக்கும் அவ்வளவு அவசரமா?”

“என் படிப்பு முடிய வேணாமா அப்ப?” என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது போலிருந்தது. முகம் மாறிவிட்டது. அப்பா அவளைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

“முடியணும்,” என்றேன். “அப்படின்னு என்கிட்ட சொல்லியிருக்கணும். நானே கேட்டேன்னு சொல்லாதீங்க. இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. கடைக்கு வர்றவங்ககிட்டயும்தான் அப்பா.”

அப்பா தொண்டையைச் செருமினார். என்னவோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டார். அவருக்கும் தொண்டையில் நிற்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குப் பாவமாக இல்லை.

அக்கா எழுந்தாள். பால் புட்டியையும் துண்டையும் பைக்குள் திணித்தாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“சாப்பிட்டுட்டுப் போம்மா,” என்றார் அப்பா.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.