பிணவறைக் கம்ப்யூட்டர்

பிணவறை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் செத்துப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. செத்தவர்களுக்குப் பதிவு வைக்க வாங்கிய பெட்டியே செத்துப்போனால் அதை யார் பதிவு செய்வது? குமாஸ்தா மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. அதற்குமேல் தலையை உடைத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. பெட்டியின் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்திவிட்டு, டிபன் பாக்ஸை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் போக்கில் இருந்தார், அவள் வந்து நிற்கும்வரை.

"எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரான்னு பாக்கணும்" என்றாள்.

ஏதோ விருந்தாளியை விசாரிப்பதுபோல் கேட்டுவிட்டாள். வேறு எப்படிக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். புருஷன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். மூன்று வருடம் முன்பு ஒரு காலையில், பச்சைப் பெயிண்ட் ஊறிய சட்டையை அவளுடைய வெள்ளைச் சீருடை இருந்த வாளியிலேயே போட்டு ஊறவைத்துவிட்டான். சீருடை பச்சையானது. அவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் சாப்பிடாமல் போனான். வேலைக்குப் போனவன் ராத்திரி திரும்பவில்லை. சண்டை அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒரு மனிதன் வீட்டைவிட்டுப் போவானா என்று கேட்டால், இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் போயிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளுடைய போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. அவனிடம் போன் தங்காது. ஒன்று பெயிண்ட் வாளியில் விழுந்தது, இன்னொன்று சாரத்திலிருந்து விழுந்தது. அப்புறம் அவள் நம்பரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமாவது போனை வாங்கித்தான் பேசுவான். அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் எடுக்கவில்லை. இன்னும் ரெண்டு நாள் காயட்டும் என்று, இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தாள். மறுநாள் மனசு கேட்காமல் அந்த நம்பருக்கு இவளே அடித்தபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து அது அணைந்தே கிடந்தது.

அந்த மூன்று அழைப்பை வைத்துத்தான் மாமியார் உயிரோடு இருந்தாள். "எம்புள்ள கூப்புட்டான். எங்கயோ இருக்கான்" என்பாள். அதே மூச்சில், "மூணு தடவ கூப்புட்டவன இந்த மகராசி எடுக்கல" என்பாள். நம்பிக்கையும் வசவும் ஒரே வாயிலிருந்து வரும். மருமகள் அதைக் கேட்டுக்கொண்டே சோற்றைப் போடுவாள். நடந்தது அதுதானே.

போலீஸ் நிலையத்துக்கும் போனாள். எழுத்தர் பேனாவைத் திறக்கவே இல்லை. "போன் பண்றவன் எப்பிடிம்மா காணாமப் போனவன் ஆவான்? கோவம் தீந்தா வருவான், போ" என்று அனுப்பிவிட்டார். அது அவளுக்கும் சரியென்றே பட்டது. அவனைத் தேடாமல் இருப்பதற்கு அவளுக்குக் கிடைத்த அரசாங்க முத்திரை அது.

இப்போது எதற்கு வந்தாள் என்றால், போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவனோடு வேலை செய்த பெயிண்டர் ஒருவனைப் பார்த்தாள். வெளியூர் போய்த் திரும்பியவன். "அண்ணன் போன அன்னைக்கே லாரி நிக்கிற முக்குல ஒரு ஆள் அடிபட்டானாம்கா. கையெல்லாம் பெயிண்ட்டாம். நான் பாக்கல, சொன்னாங்க" என்றான். சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"எல்லாம் இதுக்குள்ளதாம்மா இருக்கு, போட்டோவோட" என்று குமாஸ்தா துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"நோட்டுப் புத்தகம் இல்லையா?"

"கம்ப்யூட்டர் வந்ததும் நோட்டை நிறுத்திட்டோம். முன்னேற்றம்!"

அவளே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு மூக்குக்கண்ணாடியின் மேல் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவன். அதனால் கடைத்தெருவில் அவனுக்கு டபுள் கண்ணாடி என்றே பேர். பெட்டியைக் கழற்றி, தூசியை ஊதி, உள்ளே உப்பி வெடித்திருந்த சின்னச் சின்ன உருளைகளைக் காட்டினான்.

"மதர்போர்டு போச்சுக்கா. வேற பெட்டியில டிஸ்க்கப் போட்டுப் பாக்கலாம்னா அதுக்கும் வழியில்ல. ரெண்டு டிஸ்க்க ஒண்ணாக் கோத்து வச்சிருக்கான் யாரோ புண்ணியவான். ஒரு மூஞ்சின்னா பாதி இதுல கிடக்கு, பாதி அதுல கிடக்கு. ரெண்டையும் சேக்கத் தெரிஞ்சது இந்த போர்டுக்கு மட்டுந்தான். இதே மாடல் கிடைச்சா கூப்பிடுங்க, மாட்டித் தரேன்."

மாடல் நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்தான். நாலு நாளில் அது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

கடைத்தெருவில் அவள் ஏறி இறங்காத படி இல்லை. நம்பரைச் சொன்னதும் சிரித்தார்கள். "அதுக்குப் பால் ஊத்திப் பத்து வருஷமாச்சேக்கா" என்றான் ஒருவன். இன்னொருவன் "புதுசா ஒண்ணு வாங்கிருங்க, இதவிட வேகமா ஓடும்" என்றான். வேகமாக ஓடி அவளுக்கு எங்கே போகவேண்டும்? ஒருவன் மட்டும் மனசு வைத்து, பரணில் ஏறி, ஒரு போர்டைத் தட்டித் துடைத்துக் கொடுத்தான். சேலை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். டபுள் கண்ணாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "கடைசி எழுத்து வேறக்கா. இவன் அவனுக்குத் தம்பிதான். ஆனா ஆள் வேற."

வீட்டில் மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பொணம் கிடக்குற எடத்துல போயி எம்புள்ளயத் தேடுறியா? போன எடுக்காத கையி, இப்ப எதத் தேடுது?" என்று கத்தினாள். அன்றைக்கு அவள் இருவருக்கும் சோறு போட்டுவிட்டு, தன் தட்டை அப்படியே மூடிவைத்தாள்.

ஐந்தாவது வாரம், ஊருக்கு வெளியே ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே போர்டுகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. ஒரு ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்து உலோகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "தேடி எடுத்துக்கம்மா, வேணாங்கல" என்றார் கிடங்குக்காரர். ஒவ்வொரு மூட்டையாகக் கொட்டி, ஒவ்வொரு போர்டாகத் திருப்பி, நம்பரைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கீறிப்போயிற்று. பொழுது சாயும் நேரத்தில் கையில் வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே நம்பர். கடைசி எழுத்தும் அதே.

சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. இது கிடைக்காதவரை அவன் எங்கோ ஒரு ஊரில், யார் வீட்டுச் சுவருக்கோ வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான். கோபக்காரன், பாவி, ஆனால் இருக்கிறான். சுற்றும் முற்றும் பார்த்தாள். போர்டை மூட்டையின் அடியில் சொருகி, மேலே பத்து போர்டைப் போட்டு மூடிவிட்டு எழுந்தாள்.

"கிடைச்சுதாம்மா?" என்றார் கிடங்குக்காரர்.

"இல்லண்ணே."

அந்தப் பொய் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த மூட்டை சுத்தியல்காரர்களின் பக்கத்தில் கொட்டப்பட்டிருந்தது. பாதி உடைத்து முடித்திருந்தார்கள். குவியலில் விழுந்து இரண்டு கையாலும் அளைந்தாள். "கை வச்சா விரல் போயிரும்மா!" என்று ஒருவன் சுத்தியலை மேலேயே நிறுத்தினான். அவள் ஒளித்த போர்டு அகப்பட்டது. ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது, ஆனால் முழுசாகத்தான் இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. போர்டுக்காக அழுகிற ஒருத்தியை அவர்கள் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே டபுள் கண்ணாடி வந்து மாட்டினான். பெட்டி இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை ஒரு 'பீப்' சத்தம் போட்டு எழுந்தது. இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்தன.

"கிழட்டு போர்டு சார்" என்றான் குமாஸ்தாவிடம். "ஓடுறவரைக்கும் ஓடும். அணைச்சா மறுபடி எந்திரிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அணைக்காதீங்க. நாளைக்கு வந்து எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்தித் தரேன்." குமாஸ்தா தலையாட்டினார்.

தேதியை வைத்துத் தேடலாம் என்று அவள் அவன் போன தேதியைச் சொன்னாள். குமாஸ்தா நெளிந்தார். பெட்டியில் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது வாங்கிய சில வருடத்திலேயே போய்விட்டது. தினமும் காலையில் தேதியைக் கையால் போடவேண்டும். "தினமும் யாரும்மா போடுறது?" என்றார். ஆகவே அதற்கப்புறம் பதிவில் ஏறிய அத்தனை பேரும், வெள்ளத்தில் போனவனும் விஷம் குடித்தவளும் நடைபாதையில் கிடந்த கிழவனும், ஒரே ஜனவரி முதல் தேதியில் செத்திருந்தார்கள்.

"அடையாளம் சொல்லுங்கம்மா, நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

"வேணாம். நானே பாக்குறேன்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் தேடி வராத முகங்கள். இவன் இல்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக ஒவ்வொருவரிடமும் வெட்கப்பட்டாள். இருநூற்றைத் தாண்டியதும் கண் எரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. விரல் நின்றது.

அவன்தான். முகத்தில் பாதிதான் முழுசாக இருந்தது, அது போதும். மார்பின் மேல் வைக்கப்பட்டிருந்த கையில், நகக்கண்ணெல்லாம் பச்சை.

கீழே எழுதியிருந்ததைக் குமாஸ்தா வாசித்தார். "ஆண். வயது சுமார் முப்பத்தைந்து. லாரி மோதி இறப்பு. சட்டைப்பையில் ஒரு தாளில் போன் நம்பர். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. உரிமை கோர எவரும் வராததால் பொது இடுகாடு, குழி எண் நாற்பத்தொன்று."

 அன்று தன் போனுக்கு வந்த நம்பரை, மூன்று வருடமாக அடித்து அடித்து மனசில் அழியாமல் பதிந்துபோன அந்தப் பத்து இலக்கத்தை, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அது என் பழைய நம்பராச்சேம்மா!" என்றார் குமாஸ்தா. "ஆபீஸ் போன்ல வெளிய பேச முடியாதுன்னு என் போன்லதான் எல்லாருக்கும்... அது பஸ்ல திருடு போயிருச்சு. உங்களுக்கு எப்பிடி..." பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. டிபன் பாக்ஸை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்தார்.

வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. போட்டோ, லாரி, குழி, அந்த நம்பர் யாருடையது என்பதுவரை சொன்னாள். கிழவி கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், மயிரைப் பிடித்து இழுப்பாள் என்று காத்திருந்தாள். இழுத்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப எம்புள்ள கூப்புடவே இல்லையா?"

"இல்லத்த."

கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். படுக்கப்போகும்போது, "நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. மொகத்தப் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது டபுள் கண்ணாடி வியர்த்து வழிய, திறந்து கிடந்த பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தான். ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குமாஸ்தா சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டியை அணைத்திருந்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. இருபத்தெட்டு வருடமாக அறையைப் பூட்டும்போது எல்லா சுவிட்சையும் அணைத்த கை, அன்றைக்கும் அணைத்துவிட்டது.

"காலையிலேர்ந்து பாக்குறேன்கா" என்றான் டபுள் கண்ணாடி. "எந்திரிக்கல. இனி எந்திரிக்காது."

மாமியாருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. கிட்டே போய், அந்தக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு குமாஸ்தாவிடம் திரும்பினாள். "நீதானாப்பா எம்மருமகளுக்குப் போன் பண்ணது?"

"ஆமாம்மா."

"மூணு தடவையா?"

"மூணு தடவம்மா. எடுக்கல."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருடமாகக் கேட்ட வசவு இப்போது ஊரார் முன்னால் வரப்போகிறது என்று நினைத்தாள்.

"நாலாவதா ஒரு தடவ பண்ணியிருக்கக் கூடாதாப்பா?" என்றாள் கிழவி. "அவ எடுத்திருப்பா."

சொல்லிவிட்டு, எட்டி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தொன்றாம் குழிக்கு எப்படிப் போகவேண்டும் என்று குமாஸ்தாவிடம் வழி கேட்டாள்.