ஆல்ட்யேயின் கல்

லைடன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய வைத்தியர் ரெம்பெர்ட், மீன்காரி ஆல்ட்யேயின் வலிக்கு மூன்று வருஷம் வைத்தியம் பார்த்தார். உள்ளே கல் கிடக்கிறது என்று அவள் ஒவ்வொரு தடவையும் வலது விலாவுக்குக் கீழே அதே இடத்தில் விரலை வைப்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் அவள் கையைக் கீறி, கெட்ட ரத்தம் என்று கொஞ்சம் வடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, வேலைக்குச் சுணங்குகிறாள் என்று அவள் புருஷன் ஹார்மனிடம் ஒருநாள் சொல்லிவிட்டார்.

ஹார்மன் துறைமுகத்தில் பீப்பாய் உருட்டுகிறவன். படித்தவர் சொல்லுக்கு மறுசொல் அவனிடம் கிடையாது. அன்றிலிருந்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், நடிக்காதே என்று மீன் கூடையைக் கையில் திணித்துச் சந்தைக்கு விரட்டுவான்.

கால்வாய்கள் உறைந்துபோன ஜனவரியில் ஆல்ட்யே கண்ணும் தோலும் மஞ்சளாகிப் படுத்துவிட்டாள். ரெம்பெர்ட்டைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஊருக்கெல்லாம் பொணத்த அறுத்துக் காட்டுறீங்க இல்ல, என்னையும் அறுத்துப் பாருங்க. கல்லு இருந்தா இருந்துச்சுன்னு என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

அறுக்கக் கிடைப்பது தூக்கில் போட்டவர்களின் உடல்தான்; அந்தக் குளிர்காலத்தில் ஊரில் யாரையும் தூக்கில் போடவில்லை. பாடம் நடத்த உடல் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த ரெம்பெர்ட் உடனே சம்மதித்தார்.

அவள் செத்த மூன்றாம் நாள் அறுவை மண்டபத்தில் உட்கார இடமில்லை. நகரசபைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஹார்மன் எல்லோருக்கும் பின்னால், தொப்பியைக் கசக்கியபடி நின்றான். ரெம்பெர்ட் பித்தப்பையைக் கீறினார். கத்தி இடறியது. புறாமுட்டை அளவில் ஒரு கல்.

'இவள் சொன்னதே சரி, தவறு என்னுடையது' என்று சொன்னார். ஆனால் லத்தீனில் சொன்னார். பாடமெல்லாம் லத்தீனில்தானே. புரிந்தவர்கள் அதைப் பெரிய மனிதரின் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். கல் கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாகப் போய், பின்னால் நின்ற ஹார்மனுக்கு எட்டாமலே திரும்பி வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஹார்மன் மேசையருகே வந்தான்.

"எல்லாரும் எதுக்குய்யா கை தட்டுனாங்க?"

"உள்ள கல்லு இருந்துச்சுப்பா."

"எத்தன நாளா?"

"சில வருஷமா இருக்கும்."

ஹார்மன் குனிந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க சொன்னீங்கன்னுதான்யா நான் அவள விரட்டுனேன்."

ரெம்பெர்ட் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கல்லயாவது குடுங்க. அவளோடயே பொதைச்சிடுறேன்."

கல் மண்டபத்துச் சொத்து, தன் கையில் ஒன்றுமில்லை என்றார் அவர். தான் ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஹார்மன் மூடித் தைத்த உடலைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பனியில் தள்ளிக்கொண்டு போனான்.

அடுத்த குளிர்காலத்துப் பாடத்தில் ரெம்பெர்ட் அந்தக் கல்லை உயர்த்திக் காட்டி, ஒரு மீன்காரி இதை மூன்று வருஷம் சுமந்தாள் என்று விளக்கினார். அவளுக்கு வைத்தியம் பார்த்தது யார் என்று ஒரு மாணவன் கேட்டான்.

உள்ளூர் ஆள் ஒருவர், பெயர் நினைவில்லை என்றார்.