ஆணி அறையாத சுவர்

இளங்கதிர் கூரையுச்சிக் கண்ணாடிகளில் பொன்னைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்த காலைப்பொழுதில், முந்நூறு ஆண்டுகளாக வேண்டுதல்களைக் கேட்டுக் கேட்டுக் கருத்த தூண்களையுடைய அப்பழைய வழிபாட்டுக்கூடம், அன்றுமுதல் சிறப்புக் குழந்தைகளின் பள்ளியாகப்போகும் பெருமையில் புதுப்பெண்போல் பொலிந்து நின்றது. படிகளின் அருகே சக்கர நாற்காலிகளுக்கான சரிவு. வாயிலெங்கும் பெற்றோரின் ஆரவாரம். அத்தனை மகிழ்ச்சிக்கும் நடுவே, நண்பரே, அக்கூடத்தைத் திருத்தியமைத்த தச்சன் மட்டும் உள்ளே ஒரு மூலையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டார் குருவி என்றழைக்கும் அவனுடைய ஏழு வயது மகள் பேசாதவள். இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு இரண்டு பள்ளிகளை விட்டு ஓடிவந்தவள். இதையும் விட்டால் அவளுக்கு வேறு பள்ளி இல்லை. பழஞ்சுவரில் ஓர் ஆணிகூட அறையலாகாது என்பது கட்டளையாதலால், கம்பளி பொதிந்த மரச்சட்டங்களைத் தரையில் ஊன்றிச் சுவரோரமெங்கும் நிறுத்தி, எதிரொலியை அடக்கியிருந்தான். ஆனால் முன்னோர் கட்டிய மூலை நேராகத்தான் இருக்கும் என்று நம்பி, கடைசிச் சட்டத்தை மட்டும் அளக்காமலே அறுத்துவிட்டான். மூலையோ கோணல், சட்டம் நுழையவில்லை, ஓராள் அகலத்துக்குக் கல் வெறுமையாய் நின்றது.

"இப்படிப் பண்ணிட்டீங்களே! அந்த மூலை மட்டும் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லுதே" என்றார் தலைமையாசிரியை.

"நாளைக்கே சரிபண்ணிடுறேம்மா. இன்னிக்கு மட்டும் எம்பொண்ணு அந்தப் பக்கம் போகாம பாத்துக்குங்க" என்று தச்சன் கெஞ்சினான்.

அவன் சொல்லி வாய்மூடவில்லை. குருவி தாயின் கையை உதறிவிட்டு நேரே அம்மூலைக்கே போய், குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்து, "ஊ" என்றாள். கல்லும் "ஊ" என்றது. திடுக்கிட்டுக் காதுவரை கொண்டுபோன கைகளை அவள் பொத்தாமல் நிறுத்தினாள். பிறர் இரைச்சலுக்கே அஞ்சிக் கிடந்தவள், தன் குரல் தன்னிடமே திரும்பி வருவதைக் கண்டுகொண்டு, "ஊ! ஊ!" என்று கூவிக் கைதட்டிக் குதித்தாள். தச்சனுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேர் நடுவிலும் அழுதுகொண்டே சிரித்தான்.

"நாளைக்கு என்னமோ வேலை இருக்குன்னீங்களே?" என்று கண்ணைத் துடைத்தபடி தலைமையாசிரியை கேட்டார்.

"ஒரு வேலையும் இல்லம்மா" என்று சொல்லி, தச்சன் அளவுகோலை மடித்துப் பைக்குள் போட்டான்.

எத்தனையோ தலைமுறைகள் மன்றாடிவிட்டு விடைக்காகக் காத்துக்கிடந்த அக்கூடத்தில், அன்று ஒரு சிறுமி கூப்பிட்டாள். உடனே விடை வந்தது.