இரண்டாம் பாதியில் கோல் இல்லை

லிங்கநகர்க் காசிநாதர் பதினைந்து வருடம் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குத் திருகோணமலை விளையாட்டு நிருபராக இருந்தவர். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் வேலை சம்பளத்துக்கு. நிருபர் வேலை நடைக்கு. அந்த நடையைப் பார்த்தவர்கள், பந்தையும் இவரே உதைத்தார் என்று நினைத்துவிடுவார்கள்.

1979இல் கிண்ணியாவைச் சேர்ந்த றம்லா என்ற பல்கலைக்கழகப் பிள்ளை, விளையாட்டும் பத்திரிகையும் சமூகமும் பற்றிய தன் ஆய்வுக்காக அவரைத் தேடி வந்தாள். அவருடைய செய்திகள் அத்தனையையும் வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். காசிநாதர் மினுக்கின வேட்டியோடு முன் கதிரையில் அமர்ந்தார். அயலில் எல்லோருக்கும் அன்று வேலியோரமாகவே வேலை இருந்தது. ஆய்வின் முதற் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு நன்றி எழுதப்போவதாக அவள் சொன்னதும், அவருக்குக் கதிரை போதவில்லை.

பிறகு அவள் தன் கண்டுபிடிப்பை வாசித்தாள். துறைமுகத் தொழிலாளர் அணி பதினைந்து வருடமாக இரண்டாம் பாதியில் ஒரு கோலும் அடித்ததில்லை. பகலெல்லாம் மூட்டை சுமந்த உடம்பு, போதாத சாப்பாடு. இதற்கு நாலு அத்தியாயம், அட்டவணை வேறு. திங்கட்கிழமை கையளிக்க வேண்டும்.

காரணம் வேறென்று காசிநாதருக்குத் தெரியும். பின்னேரம் ஐந்தரைக்குள் ஸ்டேஷனில் சேராத செய்திக் கடிதம் அன்றைய கொழும்பு மெயில் ரயிலில் போகாது. ஆகவே இடைவேளையோடு அவர் சைக்கிளை எடுத்துவிடுவார். 'இரண்டாம் பாதியில் இரு அணியினரும் களைப்புற்றுக் காணப்பட்டனர்' என்ற வசனத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது வழக்கம். பாதியில் நின்ற எண்ணிக்கையே அவருடைய முடிவு. எதிரணிகளும் பிற்பாதியில் கோல் அடித்ததில்லை என்பதைப் பிள்ளை எண்ணிப் பார்க்கவில்லை. உண்மை முடிவு ஊருக்குத் தெரியும்; கொழும்புக்கு அக்கறையில்லை. பிற்பாதியில் தோற்ற அணிகள் மட்டும் அந்தப் பத்திரிகையை வாங்கிப் பத்திரப்படுத்தின.

வாய் திறக்காவிட்டால் முதற் பக்கத்தில் பெயர் நிற்கும். தலையை ஆட்டிச் சமாளிக்கப் பார்த்தார். பிள்ளையோ தொழிலாளரின் களைப்பைக் கண்கலங்க வாசித்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவர்கள் பிற்பாதியில்தான் பேய்போல விளையாடுவார்களாம். அதுவும் அவர் பிறர் சொல்லக் கேட்டதுதான்.

தேத்தண்ணீரோடு வந்த மனைவி தங்கமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"பிள்ளை," என்றார் காசிநாதர், "நான் ஒரு மட்சையும் முடியுமட்டும் பாத்ததில்லை."

மெயில், சைக்கிள், வீட்டு வசனம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். றம்லா அட்டவணைத் தாளை மடித்து வைத்தாள்.

"அப்ப நாலு அத்தியாயமும் போச்சு, ஐயா," என்றாள். "ஆனா பேப்பர் எப்படி வேலை செய்யுதெண்டு இப்பதான் விளங்குது."

தவணை கேட்டுப் புதிதாக எழுதப்போவதாகச் சொல்லி, கொப்பியில் வெறும் பக்கமொன்றைத் திருப்பினாள். எத்தனை மணிக்கு மைதானத்தை விட்டார், பத்திரிகையில் யார் யார் அதைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள் என்று ஒன்றும் விடாமல் கேட்டாள். கடைசியாக, இதை அவர் பெயரோடு எழுதுவதா, 'ஒரு நிருபர்' என்று விடுவதா என்றாள்.

மானத்தைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

"பேரைப் போடுங்கோ, பிள்ளை," என்றார். "லிங்கநகர் எண்டும் போடுங்கோ. இல்லாட்டி வேறை ஆரோ எண்டு நினைச்சிடுவினம்."