கொலைகாரியின் பெயர்

மெரிண்டா ஊர்க்காரர்களுக்கு நாடகம் என்றால் கடைசி நாள் மதிய ஆட்டம்தான். மற்ற நாள்களில் நடப்பது நாடகம். அன்றைக்கு நடப்பது அட்டகாசம். மேடையிலேயே ஒருவர் காலை ஒருவர் வாரலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. விஸ்கி என்று கதாநாயகன் மடக்கென்று விழுங்குவது வினிகராக இருக்கும். காதலிக்கு நீட்டும் பெட்டியில் மோதிரம் இருக்காது, ஆற்று இறால் இருக்கும். அதைப் பார்க்கவே சுற்றுவட்டாரக் கோதுமைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து தகரக்கூரை ஹாலை நிரப்பிவிடுவார்கள். இப்போது அந்த இடத்தில் டயர் விற்கிறார்கள். என்னத்தைச் சொல்ல, அந்தச் சிரிப்பெல்லாம் அதோடு போயிற்று!

அந்த வருடம் மட்டும் கிளெனிஸ் கடைசி மதியம் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மேடையின் இடது ஓரத்தில், திரை மறைவில், நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பவள் அவள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை வேஷம் கட்டி, கால் வெடவெடக்க நின்று, ஒரு வார்த்தை வராமல் ஓடிவந்தவள். அதற்குப் பிறகு அந்த ஓரத்து நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அவள் புருஷன் நெவில் நேர் எதிர். ஆட்டுச் சந்தையில் ஏலம் விட்ட மனிதர். குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். இளமையில் காதலன், நடுவயதில் வில்லன், இப்போது தலை நரைத்த பிறகு இன்ஸ்பெக்டர்.

கதை இதுதான்: நாடகக் கொட்டகை ஒன்றில் கஞ்ச முதலாளியை யாரோ கொன்று உடைப்பெட்டிக்குள் திணித்துவிடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் ஆளாளுக்குப் பாட்டாகப் பாடுகிறார்கள். கடைசியில், உடை தைக்கிற மேபல்தான் கொலைகாரி என்று அவர் விரல் நீட்டுவார், அவளும் பாடியே ஒப்புக்கொள்வாள். மேபலாக நடித்தது பாலர் பள்ளி டீச்சர் ரோஸ்லின்.

நெவிலுக்கு ஞாபகம் இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று அந்தக் கோடையில்தான் மெல்பர்ன் டாக்டர் சொல்லியிருந்தார். திரும்பி வரும் வழியில் காரில் நெவில் கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்த ஒரு நாடகத்த முடிச்சிடறேன், கிளென். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். 'ஐயோ பாவம் நெவ்'னு எவனாவது முதுகைத் தட்டினா செத்தே போயிடுவேன்."

"நான் உக்காந்திருக்கேன்ல? யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் அவள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் கண் அவள் பக்கம் திரும்பும் முன்பே வார்த்தையை ஊதிவிட்டாள். அவர் திணறி நின்ற இடங்களையெல்லாம் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். இந்த ஒரு மதியம் தாண்டிவிட்டால் போதும்.

அன்றைக்கு உடைப்பெட்டியைத் திறந்தால், பிணத்தின் நெஞ்சிலிருந்து உயிருள்ள கோழி ஒன்று பறந்தது! பிணமே எழுந்து துரத்தியது. கோழி அகப்பட்டால்தானே? கடைசிக் காட்சி வரை மேடையில் அதுவும் ஒரு பாத்திரமாக உலாவியது.

நெவில் நடு மேடைக்கு வந்தார். கையைத் தூக்கினார்.

"கொலை செஞ்சது…"

நின்றுவிட்டார்.

"மேபல்," என்று ஊதினாள் கிளெனிஸ். கோழி கொக்கரித்தது, ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். "மேபல்! நெவ், மேபல்!" அவர் காதில் விழவில்லை. அவர் கண்கள் ரோஸ்லினைப் பார்த்தன, பியானோவைப் பார்த்தன, கோழியைப் பார்த்தன. ஒன்றையும் அடையாளம் தெரியாத பார்வை.

சட்டென்று அவர் இடது ஓரத்துக்குத் திரும்பினார்.

"கொலைகாரி இங்க இல்ல! அதோ, அந்த மூலைல ஒளிஞ்சிருக்கா. கிளெனிஸ் ட்ரெகியர்!"

கூரை பிய்ந்துபோகும்படி ஒரு சிரிப்பு. "அடப்பாவி நெவ்! சொந்தப் பொண்டாட்டியவே மாட்டி விட்டுட்டியே!" என்று பின்வரிசையில் எவனோ கத்தினான்.

விளையாட்டு என்று நினைக்கிறார்கள். ஆனால் அவள் போகாவிட்டால்? அடுத்த வரி தெரியாமல் அவர் அங்கேயே நிற்பார், எல்லோருக்கும் தெரிந்துவிடும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கிளெனிஸ் எழுந்தாள். கம்பளிச் சட்டையும் வீட்டுச் செருப்புமாக வெளிச்சத்துக்குள் நடந்தாள். கால் அன்று போலவே வெடவெடத்தது.

"ஆமாய்யா, நான்தான் கொன்னேன்!" என்றாள். "இத்தனை வருஷமா இருட்டுல உக்கார வெச்சா வேற என்ன செய்வாங்களாம்?"

பியானோ தொடங்கியது. மேபலின் பாட்டை அவள் பாடினாள். குரல் கீறியது, சுருதி எங்கேயோ போயிற்று, ஆனாலும் பாடினாள். இன்ஸ்பெக்டரின் அடிகள் வந்தபோது நெவில் ஓர் எழுத்துப் பிசகாமல் சேர்ந்துகொண்டார். பாட்டு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

"என் பாட்டையே திருடிட்டீங்களே, கிளென்!" என்று ரோஸ்லின் கட்டிக்கொண்டாள். "இந்த மாதிரி ஒரு குறும்ப இந்த ஊரு பாத்ததில்ல" என்று டைரக்டர் கெல்வின் நெவிலின் முதுகைத் தட்டினார். பாவம் என்று தட்டவில்லை, பொறாமையில் தட்டினார். நெவில் பெருமையாகச் சிரித்துக்கொண்டு பியர் குடித்தார்.

எல்லோரும் சாண்ட்விச் தின்னப் போன பிறகு, வேஷ அறையில் அவர் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே கிளெனிஸ் கேட்டாள்.

"உண்மையச் சொல்லு நெவ். வேணும்னுதான் சொன்னியா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எல்லாப் பேரையும் தேடினேன், கிளென். பட்டியத் தெறந்து பாத்தா ஒரு ஆடு இல்ல. உள்ள ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு. அதைச் சொல்லிட்டேன்."

கிளெனிஸ் அழுதுவிட்டாள்.

"அதுக்குன்னு ஊரு முன்னாடி கொலைகாரின்னா சொல்றது, படுபாவி?" என்று சொல்லிவிட்டு, அவர் மோவாயை நிமிர்த்தி மிச்சச் சாயத்தையும் துடைத்தாள்.