வழித்த தட்டு

அந்தப் பழைய நகரத்தில் தட்டை வழித்துச் சாப்பிட்டவர்களைக் கோட்டை வாசல் வெளியே விடாது. கடைசி வாயைத் தட்டிலேயே விட்டுவிட வேண்டும். வழிகாட்டி இதை அரண்மனைக்குள் எல்லோருக்கும் சொல்லத்தான் சொன்னார். தையற்காரர் அப்போது கண்ணாடிப் பெட்டியிலிருந்த ராஜாவின் அங்கியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "தோள்பட்டை ஏறி இறங்கியிருக்கு பாரு, இவனெல்லாம் ராஜாவுக்குத் தைச்சவன்!" என்று மனைவியிடம் நக்கலடித்துக்கொண்டிருந்தார். இருவர் காதிலும் விழவில்லை.

கைக்குழந்தையை அவளுடைய நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஒரே ஒரு நாள் ஊர் பார்க்க வந்தவர்கள். மணிக்கூண்டு ஏறினார்கள், குதிரை லாயம் பார்த்தார்கள், மதியம் சந்துக்கடையில் ரொட்டியும் கறிக்குழம்பும் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்து தின்றார்கள். அவள் போதுமென்று கையெடுத்துவிட்டாள். "பால் குடுக்கிறவ, ஒரு வாய்ல என்ன ஆயிடப்போவுது, தின்னு" என்று அவர்தான் குழம்பை வழித்து ஊட்டினார். எல்லாம் பாசம்தான், வேறென்ன.

சாயங்காலம் வாசலைத் தாண்டி அவர் வெளியே வந்துவிட்டார். பின்னால் வந்தவளின் நெற்றி வெறுங்காற்றில் இடித்து நின்றது. காவலாளி பீடியை அணைத்துவிட்டு, "வழிச்சிட்டீங்களா? பழகிடும்மா. நானும் வழிச்சவன்தான்" என்றார். தையற்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், காவலாளியின் காலில் விழுந்தார், "படுபாவி, என் கையாலயே ஊட்டிட்டேனே!" என்று தலையிலடித்துக்கொண்டார். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"அழுதா ஆச்சா? பச்சப்புள்ள, பசி தாங்காது. ஓடிப்போயித் தூக்கிட்டு வாங்க!"

மறுநாள் தூக்கி வந்தார். குழந்தை ஆவலாய்க் குடித்தது. வயிறு நிறையுமுன் அவள் அதைப் பிடுங்கி எடுத்தாள். பாலுக்கும் அதே சட்டமா என்று காவலாளிக்கே தெரியவில்லை. பெற்ற பிள்ளையை வைத்து யார் சோதித்துப் பார்ப்பது? வீறிட்டு அழுத குழந்தையை அப்படியே வாசலை நோக்கி நீட்டினாள். அது தடையில்லாமல் வெளியே நின்ற அவர் கைக்குப் போனது. அதைப் பார்த்துத்தான் அவள் உட்கார்ந்து அழுதாள்.

தையற்காரர் மதிலுக்கு வெளியே மெஷினைப் போட்டுக் குடிவந்தார். அவள் அதே சந்துக்கடையில் பாத்திரம் கழுவுகிறாள். ஊருக்கும் பழகிவிட்டது. பெண்ணுக்கு இப்போது ஏழு வயது, தினமும் மதியம் உள்ளே ஓடுகிறாள். உலகத்து அம்மாக்களெல்லாம் இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சுவார்கள். இவள் தட்டைப் பிடுங்குகிறாள்.

"இன்னும் ஒரே ஒரு வாய்ம்மா, பசிக்குது."

"போதும் எந்திரி, அப்பா காத்துக்கிட்டிருப்பாரு" என்று விரட்டிவிட்டு, மிச்சத்தைத் தானே வாயில் போட்டுக்கொள்கிறாள்.