டெட்லேஃபின் கடைசி ஞாயிறு

கெஸீனெ ஹார்ம்ஸ் ஸ்டூடியோ வாசலில் நின்று, கழற்றிய கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். வானொலி நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநர் ஆன பிறகு அவள் மைக் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. அதற்கு முன் வருஷக்கணக்காகச் செய்தியாளராக அலைந்தவள். வேசர் ஆற்றங்கரையில் கப்பல் பட்டறையை மூடியபோது, வேலையிழந்தவர்களோடு மழையில் நின்றவள். அப்போதெல்லாம் கூடவே நின்றவன் டெட்லேஃப். ஒரே மனிதரை ஒரு மணி நேரம் பேசவைக்கும் அவனுடைய ஞாயிறு நிகழ்ச்சிக்கு இன்று கடைசி நாள். கடைசி விருந்தாளியாக அவளைத்தான் கூப்பிட்டிருந்தான். மறுத்தால் பயந்துவிட்டாள் என்பான். பயம் இருக்கத்தான் செய்தது.

"உள்ள வாங்க மேடம்."

"போதும்டா. எப்பவும் போலக் கூப்பிடு."

"எப்பவும் 'ஏய்'னுதான் கூப்பிடுவேன். ஊரே கேக்குமே, பரவாயில்லையா?"

நேரலை தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் பாதி பழைய கதைகளிலேயே ஓடியது. பிறகு அவன் குறிப்புகளைத் தள்ளி வைத்தான்.

"கெஸீனெ, இந்த நிகழ்ச்சிய நிறுத்தச் சொன்னது யாரு?"

கூட்டாக எடுத்த முடிவு என்று சொல்லிவிடலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ அதிகாரிகள் அதையே சொன்னபோது, விடாமல் அடுத்த கேள்வியைக் கேட்டவள் அவள்.

"நான்தான். மத்தவங்க தயங்கினாங்க. நான்தான் முதல்ல சொன்னேன்."

அவன் முகம் மாறியது. இது அவனுக்குத் தெரியாது.

"ஏன்?"

"காலைச் செய்திக்கு ஆள் இல்ல. ஒண்ண விட்டாத்தான் இன்னொண்ணக் காப்பாத்த முடியும். நீ தாங்கிக்குவேன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல. கேட்டிருந்தா என்னால முடிஞ்சிருக்காது."

டெட்லேஃப் பேசவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப் பொறியாளர் ஆன்யா எழுந்து நின்றாள். மௌனம் நீண்டால் இயந்திரம் தானாகவே பாட்டைப் போட்டுவிடும். பேசுங்கள், பேசுங்கள் என்று அவள் விரலைச் சுழற்றினாள்.

அந்தப் பாட்டு வந்தால் இருவருமே தப்பித்துவிடலாம். கெஸீனெ நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள்.

"டெட்லேஃப், நாளைக்குக் காலைல எழுந்து என்ன செய்வே?"

அவன் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டான். மேசைமேல், ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு அவன் மூச்சுக்கு லேசாக எழுந்து எழுந்து தாழ்ந்தது.